தாலியும் கையெழுத்தும்: வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சுங்கை சிப்புட் வட்டாரத்தைச் சேர்ந்தவை. எழுதியவர்களில் பலர் இப்போது கோலாலம்பூரிலும் ஷா ஆலமிலும் இருக்கிறார்கள். கல்யாணம் காட்சி என்றால் ஊருக்கு வருகிறார்கள். பதில்களில் சொல்லும் சட்ட விவரம் இஸ்லாமியர் அல்லாதவர்களுக்கு உரியது. 1982 மார்ச் 1 முதல் மலேசியாவில் நடப்பில் உள்ள 1976 ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம்தான் அதற்கு அடிப்படை.

கேள்வி: கோலாலம்பூரில் வேலை செய்கிறேன். தை மாதம் ஊர்க்கோயிலில் கல்யாணம். "முதல்ல தாலி ஏறட்டும், ரெஜிஸ்டரை அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டில். அம்மாவும் அதற்கு ஆமாம் போடுகிறார். நான் வற்புறுத்தினால் "நம்பிக்கை இல்லையா" என்று கேட்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
— ச., சுங்கை சிப்புட்

பதில்: வற்புறுத்துங்கள். ஆனால் பேச்சை உரிமையில் ஆரம்பிக்காமல் தேதியில் ஆரம்பியுங்கள். "ரெஜிஸ்டர் பண்ணியே ஆகணும்" என்றால்தான் நம்பிக்கைப் பேச்சு வரும். "ஐப்பசி கடைசியில் மனு கொடுக்கணும், ரெண்டு பேரும் ஒரே நாளில் லீவு போடணும்" என்றால், பத்திரிகை அடிப்பது, புடவை எடுப்பது போல அதுவும் ஒரு வேலையாகிவிடும்.

தேதிக் கணக்கு இதுதான். ஜேபிஎன்.கேசி02 என்ற திருமண மனுப் படிவத்தை நிரப்பி, இருவரும் மைகாட் (ஐசி, அதாவது அடையாள அட்டை) அசல், நகல், பாஸ்போர்ட் அளவுப் படத்துடன் தேசியப் பதிவிலாகாவுக்கு நேரில் போக வேண்டும். அறிவிப்பு 21 நாள் ஒட்டப்பட்டிருக்கும். அது முடியாமல் பதிவு நடக்காது. பதிவுக்கு ஆறு மாத வரம்பும் உண்டு. தவறினால் மறுபடி மனு. பதிவு நாளில் இரண்டு சாட்சிகள் தேவை. இருவரில் யாருக்காவது 21 வயது நிரம்பவில்லை என்றால் தகப்பனாரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். யாருக்காவது இது மறுமணம் என்றால், இறுதி மணவிலக்கு ஆணையோ முன்னாள் துணையின் இறப்புப் பத்திரமோ இல்லாமல் கவுண்டரில் காரியம் நகராது.

சில கோயில்களில் துணைப் பதிவாளராக நியமனம் பெற்றவர் இருக்கிறார். அப்படியானால் தாலி கட்டிய கையோடு மணவறையிலேயே பதிவேட்டில் கையெழுத்துப் போடலாம். முகூர்த்தம் எத்தனை மணிக்கு இருந்தாலும் தடையில்லை. ஆனால் எல்லாக் கோயிலிலும் இது கிடையாது. ஐயர் "நாங்க பார்த்துக்கிறோம்" என்றால் விட்டுவிடாதீர்கள். "இங்கே துணைப் பதிவாளர் யார், அன்றைக்கு அவரே வருவாரா, மனு எப்போது கொடுக்க வேண்டும்" என்று மூன்றையும் கோயில் நிர்வாகத்திடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோயிலில் தரும் திருமண அத்தாட்சிக் கடிதம் வேறு, பதிவிலாகா சான்றிதழ் வேறு. இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பத்து வருடம் ஓட்டியவர்கள் நம் வட்டாரத்தில் நிறைய.

அன்றைய தினம் சொதப்புவது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களில். சாட்சியாக வரவேண்டிய தாய்மாமன் ஐசியை வீட்டில் வைத்துவிட்டு வருவார். பந்தி ஆரம்பித்ததும் சாட்சி சாப்பிடப் போய்விடுவார். பெயர் எழுத்துத் தகராறும் உண்டு. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து, ஐசியில் வேறு எழுத்து என்று இருப்பது சகஜம். மனுவில் மைகாட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

மாமியாருக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டுமென்றால் பேரப்பிள்ளையைச் சொல்லுங்கள். திருமணச் சான்றிதழ் இல்லாமல் பிறக்கும் பிள்ளைக்கு, தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டுக்கொண்டால் தவிர, பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் ஏறாது. இந்த ஒன்றைக் கேட்டால் எந்தப் பாட்டியும் கேசி02 படிவத்தைத் தானே தேடிக் கொண்டுவருவார்.

கேள்வி: வீடு வாங்குவதற்காக எட்டு மாதத்துக்கு முன்பே ரெஜிஸ்டர் செய்துவிட்டோம். இன்னும் அவரவர் வீட்டில்தான் இருக்கிறோம். வைகாசியில் தாலி. இப்போது எனக்கும் அவருக்கும் ஒத்துவராது என்று இருவருக்குமே தெரிந்துவிட்டது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. "தாலி கட்டலையே, ரெஜிஸ்டரை கேன்சல் பண்ணிட்டா முடிஞ்சது" என்கிறார் மாமா. சரிதானா?
— பெயர் வேண்டாம், ஷா ஆலம் (சொந்த ஊர் சுங்கை சிப்புட்)

பதில்: மாமா சொல்வது சரியில்லை. பதிவேட்டில் கையெழுத்திட்ட அந்த நிமிடமே நீங்கள் இருவரும் கணவன் மனைவி. தாலி, மேளம், விருந்து எதுவும் அதில் எதையும் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. பதிவிலாகா கவுண்டரில் "கேன்சல்" என்று ஒன்று கிடையாது. உயர்நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

அங்கே உங்கள் முன் இருப்பவை இரண்டு வழிகள். இருவரும் சம்மதித்துக் கூட்டு மனு போடுவது ஒன்று. சண்டையில்லாதது, செலவும் குறைவு. ஆனால் திருமணமாகி இரண்டு ஆண்டு முடியாமல் அந்த மனுவைப் போட முடியாது. இரண்டு ஆண்டு என்பது பதிவு நாளிலிருந்து எண்ணப்படும். ஆக உங்களுக்கு இன்னும் பதினாறு மாதம். அதற்கு முன் மணவிலக்கு மனுப் போட வேண்டுமானால், விதிவிலக்கான சூழ்நிலை அல்லது கடுமையான துன்பம் இருப்பதாக நீதிபதியிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். "ஒத்துவரவில்லை" என்பது மட்டும் அதற்குப் போதாது.

இன்னொன்று, திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கோருவது. தாம்பத்தியம் நடக்கவேயில்லை, அதற்கு எதிர்த்தரப்பு வேண்டுமென்றே மறுத்தது என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. இதற்கு இரண்டு ஆண்டுத் தடை இல்லை. ஆனால் இருவரும் பேசி வைத்துக்கொண்டு "மறுத்தார்" என்று எழுதிவிட முடியாது. சத்தியப் பிரமாணத்தில் எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் யார் எதை மறுத்தார் என்பதை வழக்கறிஞரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஒரு மணி நேர ஆலோசனைக்குக் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

மணவிலக்கு என்று முடிவானால், நீதிமன்றம் முதலில் தருவது இடைக்கால ஆணை. அது மூன்று மாதம் கழித்தே இறுதி ஆணையாகும். அதுவரை இருவரில் யாரும் வேறு யாரையும் மணக்க முடியாது. பதிவில்லாமல் கோயிலில் தாலி மட்டும் கட்டிக்கொள்வதும் இதில் அடக்கம். "பேப்பர்ல இல்லையே" என்று சமாளிக்க முடியாது, அது குற்றம். வீட்டில் அவசரப்பட்டு அடுத்த வரன் பார்க்க ஆரம்பித்தால் இதைக் கறாராகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து வீடு. கூட்டுக் கடன் என்றால் முழுக் கடனுக்கும் இருவருமே பொறுப்பு. "உன் பாதியை நீ கட்டு" என்பது உங்களுக்குள் உள்ள பேச்சு, வங்கிக்கு அது தெரியாது. யார் கட்டாமல் விட்டாலும் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் கடன் விவரப் பதிவில் இருவர் பெயரிலும் நிலுவை தெரியும். பிறகு ஒரு கார் கடனுக்குக்கூட அல்லாட வேண்டியிருக்கும். ஆகவே ஆணை வரும்வரை மாதத் தவணை எந்தக் கணக்கிலிருந்து போகும், வாடகைக்கு விட்டால் பணம் யாருக்கு என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஒருவர் வீட்டை எடுத்துக்கொள்வதானால், அவர் சம்பளம் மட்டும் கடனுக்குப் போதும் என்று வங்கி ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதலுக்கு முன் பணம் கைமாறக் கூடாது.

நகை, கூறைப்புடவை, பரிசத்தில் மாற்றிய தட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள். பவுன் எடையோடு எழுதுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு வீட்டிலிருந்தும் தலைக்கு ஒரு பெரியவர் மட்டும் இருக்கட்டும். கூட்டம் கூடினால் பேச்சு நகையில் ஆரம்பித்து வேறெங்கோ போய் முடியும்.

ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: ஒத்துவராதது அவரோடா, கல்யாண ஏற்பாட்டோடா? மண்டபம், செலவு, யார் வீட்டு ஆட்கள் எத்தனை பேர் என்ற சண்டையாக இருந்தால், தாலித் தேதியை மட்டும் தள்ளிவையுங்கள். பதிவு காலாவதி ஆவதில்லை, எத்தனை மாதம் தள்ளினாலும் சட்டத்தில் தடையில்லை. பணத்தை மறைத்தது, கை நீட்டியது, வேறு தொடர்பு என்றால் தள்ளிப்போடுவதில் பயனில்லை. அப்போது முதலில் மண்டபத்துக்குச் சொல்லுங்கள், முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பது சொல்லும் தேதியைப் பொறுத்தது. சொந்தக்காரர்களுக்கு இரு வீட்டாரும் ஒரே வாசகத்தில், ஒரே நாளில் வாட்சாப்பில் அனுப்பிவிடுங்கள். "கல்யாணம் நடைபெறாது" என்று மட்டும் இருந்தால் போதும், காரணம் எழுத வேண்டியதில்லை.

கேள்வி: கல்யாணச் செலவுக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுக்க முடியுமா?
— ர., செம்பனை எண்ணெய் ஆலைத் தொழிலாளி

பதில்: கல்யாணத்துக்கென்று தனித் திட்டம் கிடையாது. 2024 மே 11 முதல் வரும் சந்தாவில் பத்து விழுக்காடு ஃப்ளெக்சிபல் கணக்கில் விழுகிறது, அதை எதற்கும் எடுக்கலாம், குறைந்தது 50 வெள்ளி (ரிங்கிட்). மாதம் 1,700 வெள்ளி சம்பளக்காரருக்கு, அவருடைய 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்த்தால் சுமார் 408 வெள்ளி. அதில் பத்து விழுக்காடு 41 வெள்ளி. ஒரு வருடம் சேர்த்தாலும் ஐந்நூறைத் தொடாது. பந்தலுக்கே பத்தாது. வீட்டுக்கென்று இபிஎஃபின் செஜாத்தெரா கணக்கில் எடுத்து மண்டபத்துக்குக் கட்டும் யோசனை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஆலோங்கிடம் (கந்துவட்டிக்காரரிடம்) கடன் வாங்குவதைவிட அழைப்பை முந்நூறு பேரோடு நிறுத்துவது நல்லது.

கேள்வி: 2009-இல் கோயிலில் தாலி கட்டினார். பதிவு செய்யவில்லை. இரண்டு பிள்ளைகள், பிறப்புப் பத்திரத்தில் அவர் பெயர் இருக்கிறது. இப்போது அவருக்கு வெளியே ஒரு தொடர்பு. கேட்டால் அடிக்கிறார். "நீ என் பொண்டாட்டியே இல்லை, எங்கே வேணும்னாலும் போய்ச் சொல்லு" என்கிறார். எனக்கு எந்த உரிமையும் இல்லையா?
— ஒரு சகோதரி, தோட்டத்துப் பக்கம்

பதில்: இருக்கிறது அம்மா. 1994 ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில், சமய, வழக்க முறைப்படி சடங்கு செய்து சேர்ந்தவரும் வாழ்க்கைத் துணைதான், பதிவு இல்லாவிட்டாலும்கூட. "பொண்டாட்டி இல்லை" என்ற பேச்சு அங்கே எடுபடாது. கல்யாணப் படம், பத்திரிகை, கோயில் ரசீது எது இருந்தாலும் போனில் படமெடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டாம். 15999 என்பது தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசு உதவி எண், எந்நேரமும் அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் சமூகநல இலாகா அதிகாரி அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம். அது 7 நாள் செல்லும், அதற்குப் போலீஸ் புகார்கூட முதலில் தேவையில்லை. காயம் இருந்தால் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், விழுந்துவிட்டேன் என்று சொல்லாமல் யார் அடித்தது என்பதைச் சொல்லுங்கள். டாக்டர் எழுதும் அந்த வரிதான் பிறகு சாட்சி. அடுத்து போலீஸ் புகார். விசாரணை நடக்கும் காலத்துக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை வாங்கலாம். புகார் நகலைக் கையில் வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். "குடும்ப விவகாரம், பேசித் தீர்த்துக்குங்க" என்று யாராவது சொன்னால், சமூகநல அதிகாரி பெயரைச் சொல்லி அவரை உடன் அழையுங்கள்.

பிள்ளைகளின் செலவுக்கு அவர் பொறுப்பு. பெற்றோரின் திருமணம் பதிவாகாவிட்டாலும் பிள்ளை ஜீவனாம்சம் கேட்டு கீழ் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். பிறப்புப் பத்திரத்தில் அவர் பெயர் இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். பள்ளிக்கூடம், மருந்து, பஸ், சாப்பாடு என்று மூன்று மாத ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் ஈப்போவில் உள்ள சட்ட உதவித் துறையை அணுகலாம்.

சொத்தில்தான் சிக்கல். பதிவில்லாத திருமணத்தை வைத்து மணவிலக்கு மனுவும், சொத்துப் பிரிப்பும் கேட்பது கடினம். அவர் பெயரில் உள்ள வீட்டுக்கு நீங்கள் கட்டிய தவணைக்கு வங்கி ஆதாரம் இருந்தால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பணமாகக் கொடுத்திருந்தால் நிரூபிப்பது பாடு. இனி ஒரு காசும் கையில் கொடுக்காதீர்கள். ஐசி, பிள்ளைகளின் பத்திரங்கள், உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு மூன்றையும் வீட்டுக்கு வெளியே ஓர் இடத்தில் வையுங்கள்.

அவர் மனம் மாறி "சரி, ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம்" என்று வந்தால்? அடி நிற்காமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். பதிவான பின் பிரிவதற்கு மறுபடி இரண்டு ஆண்டுக் கணக்கு ஆரம்பமாகும்.

கேள்வி: எனக்கு 59 வயது. தோட்டத்தில் வேலை ஓய்ந்து தாமானில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். மனைவி இறந்து ஆறு வருடம். கோயிலில் பழக்கமான ஓர் அம்மையாரும் விதவை. சேர்ந்து வாழ விரும்புகிறோம். என் மகனும் மகளும் கோலாலம்பூரில். "இந்த வயசுல என்னப்பா" என்கிறார்கள். அவர்கள் கவலை வீடும் இபிஎஃபும் என்று எனக்குத் தோன்றுகிறது.
— ஓய்வுபெற்ற மண்டோர்

பதில்: தோன்றுவது சரியாகவே இருக்கும் ஐயா. பிள்ளைகளைக் குறை சொல்ல வேண்டாம். அம்மா கஷ்டப்பட்டுச் சேர்த்த வீடு என்ற எண்ணம் அவர்களுக்கு இருக்கும். சொத்துப் பேச்சை நீங்களே முதலில் எடுத்து முடித்துவிட்டால், வயசுப் பேச்சு தானாகத் தேயும்.

உயில் ஏற்கெனவே எழுதியிருந்தால் கவனியுங்கள்: மறுமணம் செய்த அன்றே பழைய உயில் ரத்தாகிவிடும். இந்தத் திருமணத்தை எதிர்பார்த்தே எழுதியது என்று உயிலிலேயே குறிப்பிட்டிருந்தால் மட்டும் நிற்கும். உயிலே இல்லாமல் போனால், பெற்றோர் உயிருடன் இல்லாத உங்கள் சொத்தில் புது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. வீட்டைப் பிள்ளைகளுக்கும், அந்த அம்மையார் ஆயுள்வரை அதில் குடியிருக்கும் உரிமையும் என்று எழுதுவது ஒரு நல்ல வழி. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். பங்கு பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதியது செல்லாது. மருமகன் கைக்குப் பேனாவைக் கொடுத்துவிடாதீர்கள்.

இபிஎஃபுக்கு உயிலை நம்ப வேண்டாம். வாரிசு நியமனத்தை இபிஎஃபின் கேடபிள்யூஎஸ்பி 4 படிவத்தில் தனியாகச் செய்ய வேண்டும். இறந்த மனைவியின் பெயர் இன்னும் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். யாருக்கு எத்தனை விழுக்காடு என்று பிரித்து எழுதலாம். அம்மையாரும் தம் பக்கம் பார்க்க வேண்டியது உண்டு: கணவர் வழியில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பென்ஷன் வாங்குகிறார் என்றால், மறுமணத்தால் அது என்னவாகும் என்று பதிவுக்கு முன்பே சொக்சோ அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். மனுவோடு இரு தரப்பு இறப்புப் பத்திரமும் போகும், அசலைத் தேடி வையுங்கள்.

பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தால் என்ன என்று சிலர் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு யார் கையெழுத்துப் போடுவது என்ற நேரத்தில் இதுவும் ஒரு தகராறாகும். வீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசும்போது அம்மையாரை அழைக்காதீர்கள். அடுத்த வாரம் சாப்பாட்டுக்கு அழையுங்கள்.

கேள்வி: மணவிலக்காகி ஐந்து வயதுப் பையனோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். மாதம் 600 வெள்ளி தரச் சொல்லி ஆணை இருக்கிறது. நான்கு மாதம் கொடுத்தார், பிறகு இல்லை. பினாங்கில் ஃபேக்டரியில் வேலை. நான் மறுமணம் செய்தால் மொத்தமாக நின்றுவிடும் என்று பயமுறுத்துகிறார்.
— த., லிந்தாங்

பதில்: உங்களுக்கென்று தரும் ஜீவனாம்சம் மறுமணத்தோடு நிற்கும். பையனுக்குரியது நிற்காது. அது 18 வயது வரைக்கும், உயர்கல்வியில் இருந்தால் அது முடியும் வரைக்கும் போகலாம். ஆணையை எடுத்துப் பாருங்கள், 600 வெள்ளி யாருக்கு என்று எழுதியிருக்கிறது என்பதே முக்கியம். இருவருக்கும் சேர்த்து ஒரே தொகையாக இருந்தால், மறுமணத்துக்கு முன்பே பிரித்துத் திருத்தக் கேளுங்கள்.

நிலுவைக்கு: சம்பளக்காரர் என்பதால் வழி சுலபம். முதலாளியே சம்பளத்தில் பிடித்து அனுப்பும்படி ஆணை கேட்டு மனுப் போடலாம். அதற்கு வேண்டியது, வேலை செய்யும் இடத்தின் சரியான பெயரும் முகவரியும், எந்தெந்த மாதம் வரவில்லை என்று காட்டும் உங்கள் வங்கி அறிக்கையும். அவர் வேலை மாறினால் மறுபடி மனுப் போட வேண்டும், அதனால் புது இடம் தெரிந்ததும் குறித்து வையுங்கள். பணம் தரவில்லை என்பதற்காகப் பையனைப் பார்க்க விடாமல் தடுக்காதீர்கள். நீதிமன்றத்தில் இரண்டும் வேறு வேறு கணக்கு, தடுத்தது உங்கள் பேரில் குறையாக வரும். ஏழு வயதுக்குள் பிள்ளை தாயிடம் இருப்பது நல்லது என்பதே சட்டத்தின் முதல் அனுமானம், மறுமணம் மட்டுமே அதை மாற்றாது.

அவர் இனி பணம் கொடுத்தால் கையில் வாங்க வேண்டாம். பையன் பெயரைக் குறிப்பாகப் போட்டு வங்கியில் போடச் சொல்லுங்கள்.